தெரியாத ஊரில் யாரை நம்புவது?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். வேலை விஷயமாக முதல்முறை தனியாக வெளிநாட்டு நகரம் ஒன்றுக்குப் பத்து நாள் போகிறீர்கள், அங்கே எப்படிப் பத்திரமாக இருப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், "எல்லோரும் சொல்வதைப் பார்த்தால் அங்கே யாரிடமும் வாயே திறக்கக்கூடாது போலிருக்கிறது, அப்படியா?" என்று எழுதியிருக்கிறீர்களே, உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. ஒரு ஊர் பாதுகாப்பானதா என்பதற்கு ஒற்றைப் பதில் கிடையாது. ஒரே தெருவுக்குப் பகலில் ஒரு பதில், ராத்திரியில் வேறு பதில். ஆனால் யாரை நம்புவது, அதை அந்த நிமிஷத்தில் எப்படி முடிவு செய்வது என்று கேட்டால், அதற்கு என்னிடம் ஓரளவு பதில் இருக்கிறது.

நான் பத்தொன்பது வருஷமாக டூர் மேனேஜர். முப்பது நாற்பது பேரைக் கூட்டிக்கொண்டு போய், எண்ணிக்கை குறையாமல் திரும்பக் கூட்டி வருவதுதான் என் வேலை. என் பொறுப்பில் வந்தவர்கள் பணப்பையைத் தொலைத்திருக்கிறார்கள், பாஸ்போர்ட்டைத் தொலைத்திருக்கிறார்கள், ஒருவர் ஐந்து மணி நேரம் காணாமல் போயிருக்கிறார். அதனால் எது எங்கே எப்படித் தவறுகிறது என்று பக்கத்தில் நின்று பார்த்தவன். இதற்கு ஒரு எல்லையும் உண்டு. நான் ஆண், பெரும்பாலும் குழுவோடு போகிறவன். ஒரு பெண் தனியாகப் போகும்போது படும் பாட்டை நான் பட்டதில்லை. அந்தப் பகுதியில் நான் சொல்வதெல்லாம் குழுவில் வந்த பெண்களும், இதே தொழிலில் இருக்கும் சகோதரிகளும் சொன்னது.

குழுவுக்கு முதல் நாள் பஸ்ஸில் நான் சொல்லும் முதல் விஷயம் இது: யார் யாரைத் தேர்ந்தெடுத்தது என்று பாருங்கள். எந்த ஊரிலும் தெருவில் போகிறவர்களில் பெரும்பாலோர் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு போகிற சாதாரண மனிதர்கள். அவர்களில் ஒருவரை நீங்களாகப் பார்த்து, நீங்களாகப் போய் வழி கேட்டால், அவர் உங்களுக்குக் கெடுதல் நினைப்பவராக இருக்கும் வாய்ப்பு மிகவும் குறைவு. அவர் அன்றைக்கு உங்களை எதிர்பார்த்து அங்கே நிற்கவில்லை. ஆனால் அத்தனை கூட்டத்தில் ஒருவர் உங்களைத் தேர்ந்தெடுத்து, உங்களை நோக்கி வந்தால் கணக்கு மாறிவிடுகிறது. அவர் நல்லவராகவும் இருக்கலாம், நல்லவர்கள் நிறையப் பேர் அப்படி வந்து உதவியிருக்கிறார்கள். ஆனால் ஏமாற்றுகிறவர் யாராக இருந்தாலும் இந்த வழியாகத்தான் வந்தாக வேண்டும். அதனால் யாரிடமும் பேசாதீர்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். நீங்கள் போய்ப் பேசுங்கள். உங்களிடம் வந்தவருக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டு, பத்தடி தள்ளிப் போய், கடைக்குள் வேலை செய்பவரிடமோ, குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு போகும் தாயிடமோ அதே கேள்வியைக் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தால் சரி, முதலில் வந்தவரும் நல்லவர்தான். உங்களுக்கு நஷ்டம் ஒரு நிமிஷம்.

இது எங்கே அதிகம் கைகொடுக்கும் என்றால், விமான நிலையத்தில் வெளியே வரும் அந்த வாசலில். உங்கள் பயணத்திலேயே நீங்கள் மிகவும் பலவீனமாக இருக்கும் நேரம் அதுதான். தூக்கம் இல்லை, பெட்டி பணம் பாஸ்போர்ட் எல்லாமே கையில், போன் இன்னும் நெட்வொர்க் பிடிக்கவில்லை, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறீர்கள். அங்கே "டாக்ஸி, டாக்ஸி" என்று கிட்டே வருகிறவர் உங்களைத் தேர்ந்தெடுத்தவர். வரிசையில் நிற்கும் உரிமம் பெற்ற டாக்ஸியோ, நீங்கள் செயலியில் கூப்பிட்ட வண்டியோ நீங்கள் தேர்ந்தெடுத்தது. வண்டி வந்ததும் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். பிறகு டிரைவரிடம் உங்கள் பெயரை நீங்களே சொல்லிக் கேட்காதீர்கள். "யாரைக் கூட்டிப்போக வந்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். பெயரை அவர் வாயிலிருந்து வரவழைக்க வேண்டும். நாம் சொன்னால் யார் வேண்டுமானாலும் "ஆமாம்" என்று தலையாட்டிவிட முடியும். முடிந்தால் பகலில் போய் இறங்குகிற மாதிரி டிக்கெட் போடுங்கள், முதல் ராத்திரி தங்குமிடத்துக்கு எப்படிப் போவது என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். களைத்த மூளையால் எடுக்க வேண்டிய முடிவுகளை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு நல்லது.

பேர்போன ஏமாற்று வேலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாலும் எல்லாம் இதே அச்சுதான். பாங்காக்கில் கிராண்ட் பேலஸ் வாசலுக்குச் சற்றுத் தள்ளி, நன்றாக உடுத்திய ஒருவர் வந்து, "இன்று அரண்மனை மூடியிருக்கிறது, வேறு நல்ல இடம் காட்டுகிறேன்" என்பார். அங்கிருந்து கூட்டிப்போவது நகைக் கடைக்கோ தையல் கடைக்கோ. அரண்மனை பெரும்பாலும் திறந்துதான் இருக்கும், வாசல் வரை நடந்து போய்ப் பார்த்தால் விஷயம் முடிந்தது. பெய்ஜிங்கிலும் ஷாங்காயிலும் மாணவர்கள் போல இருப்பவர்கள், ஆங்கிலம் பேசிப் பழக வேண்டும், ஒரு டீ குடிக்கலாம் வாருங்கள் என்று கூப்பிடுவார்கள். பில் வரும்போதுதான் விஷயம் புரியும். இஸ்தான்புல்லில் அதுவே மதுக்கூடமாக இருக்கும். போலி போலீஸ் விஷயமும் பல ஊர்களில் உண்டு. சாதாரண உடையில் ஒருவர் அட்டை ஒன்றைக் காட்டி, கள்ள நோட்டுச் சோதனை, பர்ஸைக் காட்டுங்கள் என்பார். பர்ஸைக் கையில் கொடுக்காதீர்கள். "ஸ்டேஷனுக்குப் போகலாம், அங்கே காட்டுகிறேன்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள், நானே அவசர எண்ணைக் கூப்பிட்டு உறுதி செய்துகொள்கிறேன் என்று போனை எடுங்கள். உண்மையான போலீஸ்காரருக்கு அதில் ஆட்சேபம் இருக்கக் காரணமில்லை. ஹோட்டல் அறைக்கு ராத்திரி போன் வந்து, "ரிசப்ஷனிலிருந்து பேசுகிறோம், கார்டு விவரம் பதிவாகவில்லை, நம்பரைச் சொல்லுங்கள்" என்றாலும் அப்படித்தான். அவர்கள் உங்களைக் கூப்பிட்டார்கள். வைத்துவிட்டு, கீழே இறங்கிப் போய் நீங்கள் கேளுங்கள்.

பிக்பாக்கெட் மட்டும் கொஞ்சம் வேறு. அங்கே உங்களைத் தேர்ந்தெடுத்தவர் உங்களிடம் பேசவே மாட்டார், பேசுகிறவர் இன்னொருவர். ஒருமுறை மெட்ரோ பிளாட்பாரத்தில் இரண்டடி தூரத்தில் நின்று பார்த்தேன். என் குழுவில் வந்த பெரியவர் ரயிலில் ஏறக் காலை வைக்கிறார். முன்னால் ஏறிய பெண், வாசலிலேயே எதையோ கீழே போட்டுவிட்டுக் குனிகிறாள். பெரியவர் நின்றுவிட்டார். பின்னாலிருந்து ஒருவன், கதவு மூடப்போகிறதே என்ற அவசரத்தில் இருப்பவன் மாதிரி, அவர் மேல் சாய்கிறான். கையில் மடித்துப் போட்ட கோட்டு. அந்தக் கோட்டுக்கு அடியில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் நிமிர்ந்து, ரயில் வேண்டாம் என்பது போல இறங்கிவிட்டாள், அவனும் இறங்கிவிட்டான், கதவு மூடிக்கொண்டது. எல்லாம் நாலைந்து வினாடி. பெரியவர் உட்கார்ந்த பிறகுதான் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். அன்றிலிருந்து நான் குழுவுக்குச் சொல்வது: கதவு மூடும் நேரத்தில் ஓடி ஏறாதீர்கள், அடுத்த ரயில் வரும். எஸ்கலேட்டரின் உச்சியில் முன்னால் போகிறவர் திடீரென்று நின்றாலோ, யாராவது உங்கள் சட்டையில் கறை இருக்கிறது என்று துடைக்க வந்தாலோ, கையெழுத்து வேண்டும் என்று அட்டையை மார்புக்கு நேரே நீட்டினாலோ, அட்டையைப் பார்க்காமல் உங்கள் பையைப் பாருங்கள். "பிக்பாக்கெட் ஜாக்கிரதை" என்ற பலகையைப் படித்ததும் நம் கை தானாகப் பர்ஸ் இருக்கும் இடத்தைத் தொட்டுப் பார்க்கும். பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு அதைவிட நல்ல தகவல் கிடையாது, அதனால் பலகையைப் பார்த்தால் கையை அசைக்காதீர்கள்.

இதில் ஏமாறுவது உங்கள் மந்தபுத்தி என்று நினைக்காதீர்கள். 2013 ஏப்ரலில் பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் ஒரு நாள் திறக்கவில்லை, பிக்பாக்கெட் கும்பல்களின் தொல்லை தாங்காமல் ஊழியர்களே வேலைக்கு வர மறுத்தார்கள். 2015 மேயில் ஈஃபில் கோபுர ஊழியர்களும் அதே காரணத்துக்காக வேலையை நிறுத்தினார்கள். தினமும் அங்கேயே இருப்பவர்களுக்கே இந்த நிலை. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். அன்றைய செலவுக்கான பணமும் ஒரு கார்டும் உடம்போடு ஒட்டிய முன்பையில், இன்னொரு கார்டும் மீதிப் பணமும் அறையில் பூட்டி. தொலைந்தால் ஒரு நாள் கெடும், பயணம் கெடாது.

இப்போதெல்லாம் பர்ஸைவிடப் போன் போவதுதான் பெரிய அடி. மேப், டிக்கெட், வங்கி, ஓடிபி எல்லாம் அதற்குள்தான். நடைபாதை ஓரமாக நின்று மேப் பார்க்கும்போது, சைக்கிளிலோ பைக்கிலோ வந்து கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போவது பல பெரிய நகரங்களில் வழக்கமாகிவிட்டது. மேப் பார்க்க வேண்டுமென்றால் சாலைக்கு முதுகைக் காட்டாமல், கட்டடத்தை ஒட்டி அல்லது ஒரு கடைக்குள் போய் நின்று பாருங்கள். இன்னொரு வகைத் திருடன் நீங்கள் பாஸ்கோடு அடிப்பதைத் தோளுக்கு மேலிருந்து பார்த்து வைத்துக்கொண்டு அப்புறம்தான் போனை எடுப்பான். பாஸ்கோடு தெரிந்தால் கணக்குகளையே மாற்றிவிடலாம் என்பதால். இதற்காகத்தான் ஐபோனில் 2024 ஜனவரியில், போன் திருடுபோனாலும் கணக்கை மாற்ற முடியாதபடி ஒரு பாதுகாப்பு வசதி வந்தது. ஆண்ட்ராய்டிலும் அதே ஆண்டு, போனைப் பிடுங்கி ஓடுவதை உணர்ந்து தானாகத் திரையைப் பூட்டும் வசதி வந்தது. கிளம்பும் முன் உங்கள் போனின் செட்டிங்ஸில் தேடிப் பிடித்து இயக்கி வையுங்கள். சிம்முக்கும் ஒரு பின் நம்பர் போடுங்கள், இல்லையென்றால் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டு ஓடிபி வாங்கிவிடலாம். *#06# என்று அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண்ணை, அதாவது உங்கள் போனின் தனி அடையாள எண்ணை, காகிதத்தில் எழுதிப் பெட்டியில் வையுங்கள், புகார் கொடுக்கும்போது கேட்பார்கள்.

யாரும் பயமுறுத்தாத, ஆனால் நான் அதிகம் பயப்படும் ஒரு விஷயம் சாலை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்குச் சுமார் 11.9 லட்சம் பேர் சாலை விபத்தில் இறக்கிறார்கள். 5 முதல் 29 வயது வரை உள்ளவர்கள் இறப்பதற்கு முதல் காரணமே அதுதான். நீங்கள் பழகியதற்கு எதிர்ப்பக்கம் வண்டி ஓடும் நாடாக இருந்தால், மூளை ஒத்துக்கொண்டாலும் கழுத்து பழைய பக்கமே திரும்பும். லண்டனில் பாதசாரிகள் கால் வைக்கும் இடத்திலேயே எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று தரையில் எழுதி வைத்திருப்பது சும்மா இல்லை. முதல் இரண்டு நாள் சாலையில் இறங்கும் முன் இரண்டு பக்கமும் பார்த்து, மறுபடி ஒருமுறை முதல் பக்கம் பாருங்கள். வண்டியில் பின் இருக்கையிலும் பெல்ட் போடுங்கள். ஊரில் ஓட்டியதே இல்லை என்றால், அங்கே போய் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்க வேண்டாம். இதை நான் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்.

அறைக்குள் போனதும் பெட்டியைத் திறப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். வெளியே வந்து, அவசரப் படிக்கட்டு எங்கே என்று பார்த்து, உங்கள் கதவிலிருந்து அதுவரைக்கும் எத்தனை கதவு என்று சுவரைத் தொட்டபடி எண்ணுங்கள். இடப்பக்கம் நாலு கதவு, ஐந்தாவது படிக்கட்டு, இப்படி. புகை வந்தால் கண் உதவாது, கைதான் உதவும். 1980 நவம்பரில் லாஸ் வேகாஸின் எம்ஜிஎம் கிராண்ட் ஹோட்டலில் தீ எரிந்தது கீழ்த்தளத்தில், ஆனால் இறந்த 85 பேரில் பெரும்பாலோர் மேல் மாடிகளில் புகையால் இறந்தவர்கள். நான் எண்ணச் சொல்லும்போது குழுவில் சிலர் இதெல்லாம் எதற்கு என்பது போலப் பார்ப்பார்கள், பரவாயில்லை என்று எண்ண வைத்துவிடுவேன். அறை கேட்கும்போது ரொம்ப உயரம் வேண்டாம், தரைத்தளமும் வேண்டாம்.

ரிசப்ஷனில் உங்கள் அறை எண்ணைச் சத்தமாகச் சொன்னால், வேறு அறை கொடுங்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இது நான் ஒரு பெண்ணிடமிருந்து கற்றது. தனியாகப் பயணம் செய்தே பழகியவர் அவர். எண்ணை எழுதிக் காட்டினால் போதும் என்பார். அவர் சொன்ன இன்னொன்று, பொய் சொல்வதற்குத் தயங்காதே என்பது. தனியாகவா வந்தீர்கள் என்று கேட்டால் இல்லை, வெளியே காத்திருக்கிறார் என்று சொல். நிஜமாக எங்கே தங்கியிருக்கிறாய் என்று தெரியாதவரிடம் சொல்லாதே. புகைப்படத்தை அந்த இடத்தை விட்டுக் கிளம்பிய பிறகு போடு. மரியாதைக் குறைவாகிவிடுமோ என்ற தயக்கத்தில்தான் பெண்கள் பல நேரம் விலக முடியாமல் மாட்டிக்கொள்கிறார்கள் என்று அவர் வருத்தப்பட்டுச் சொன்னார். மனசுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டால் காரணம் தேடி நிற்காதீர்கள், எழுந்து வந்துவிடுங்கள். யாரிடமும் நீங்கள் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

உங்களுக்கு வந்திருக்கும் எச்சரிக்கைகளில் சிலதை மட்டும் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். மருந்து தடவிய விசிட்டிங் கார்டைத் தொட்டால் மயங்கிவிடுவீர்கள், கைக்குட்டையை முகத்தில் காட்டினால் நொடியில் விழுந்துவிடுவீர்கள் என்பதெல்லாம் நம்ப வேண்டியதில்லை. குளோரோஃபார்ம் கூட ஒருவரை மயக்கப் பல நிமிஷங்கள் எடுக்கும். ஆனால் குடிக்கும் பானத்தில் மருந்து கலப்பது நிஜம், அதனால் உங்கள் கண்ணெதிரே திறக்காத எதையும், விட்டுவிட்டுப் போய்த் திரும்பி வந்த எதையும் குடிக்காதீர்கள். மது அருந்துகிறவர் என்றால் மூடியைத் திறக்காத, லேபிள் உள்ள பாட்டில் மட்டும். 2024 நவம்பரில் லாவோஸின் வாங் வியங்கில் மெத்தனால் என்ற விஷ ஆல்கஹால் கலந்த மதுவால் ஆறு வெளிநாட்டுப் பயணிகள் இறந்தார்கள். மறுநாள் பார்வை மங்கினால் அதைத் தலைவலி என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கார்டு தகவலைக் காற்றிலேயே திருடுவார்கள் என்று சொல்லித் தனிப் பர்ஸ்கள் விற்கிறார்கள். அந்தத் திருட்டும், பொது இடத்து யுஎஸ்பி சார்ஜரால் போன் தகவல் போகும் என்பதும் என் பத்தொன்பது வருஷத்தில் என் குழுவில் ஒருவருக்கும் நடந்ததில்லை. நம் சொந்த அடாப்டரைச் சுவரில் செருகுவதால் ஒன்றும் குறையாது, அதைச் செய்யுங்கள். அந்தப் பர்ஸுக்குச் செலவு செய்வதைவிடப் பயணக் காப்பீட்டில் போடுங்கள்.

அவசர எண் ஒவ்வொரு நாட்டிலும் வேறு. ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 112, அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, ஆஸ்திரேலியாவில் 000. பிரிட்டனில் 999, அங்கே 112-ம் வேலை செய்யும். சிம் இல்லாத போனிலிருந்தும் அவசர அழைப்பு போகும் என்று பலர் நம்புகிறார்கள், எல்லா நாட்டிலும் அப்படி இல்லை. ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் சிம் இல்லாமல் போகாது. இறங்கிய உடன் உள்ளூர் சிம்மோ ரோமிங்கோ வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் நாட்டுத் தூதரக எண்ணும் வேண்டும். உங்களை யாராவது கைது செய்தால், தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லும் உரிமை தூதரக உறவுகள் பற்றிய 1963 வியன்னா ஒப்பந்தத்தின் 36-வது பிரிவில் இருக்கிறது. தூதரகத்தால் உங்களைச் சிறையிலிருந்து வெளியே கொண்டுவர முடியாது, கடனை அடைக்க முடியாது. ஆனால் பாஸ்போர்ட் போனால் ஊர் திரும்ப அவசரப் பயண ஆவணம் கொடுக்க அவர்களால்தான் முடியும். அதற்குப் போலீஸ் புகாரின் நகலும், பாஸ்போர்ட்டின் ஜெராக்ஸும் இருந்தால் வேலை வேகமாக நடக்கும்.

கத்தியோ துப்பாக்கியோ காட்டிக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். பேசாதீர்கள், துரத்தாதீர்கள். மீதியெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஊரில் ஒருவரிடம் தினமும் இத்தனை மணிக்குக் கூப்பிடுவேன் என்று சொல்லி வையுங்கள், கூப்பிடவில்லையென்றால் அவர் முதலில் யாரை அழைக்க வேண்டும் என்பதையும் இப்போதே பேசி வையுங்கள். தங்கும் இடத்தின் பெயர் அட்டையை ரிசப்ஷனில் கேட்டு வாங்கி, உள்ளூர் எழுத்தில் இருக்கிற பக்கத்தோடு சட்டைப் பையில் வையுங்கள். போன் அணைந்துபோனாலும் அதை நீட்டினால் டாக்ஸிக்காரர் கொண்டுபோய் விட்டுவிடுவார்.

அப்புறம் ஒரு எண்ணை மனப்பாடம் செய்யுங்கள். என் குழுவில் வந்த ஒரு பெண்மணிக்கு ரயில் நிலையத்தில் கைப்பை முழுதாகப் போய்விட்டது. குழுவை விட்டுப் பிரிந்து நின்றார், என் எண்ணும் அந்தப் போனுக்குள்தான். நிலைய ஊழியர் ஒருவரைத் தானே தேர்ந்தெடுத்துப் போய் நின்றார், அவர் தன் போனை நீட்டி யாரையாவது கூப்பிடுங்கள் என்றார். கணவர் எண் தெரியவில்லை, மகன் எண் தெரியவில்லை. சின்ன வயதில் அப்பா சொல்லிச் சொல்லிப் பழக்கிய பிறந்த வீட்டு லேண்ட்லைன் எண் மட்டும் நினைவுக்கு வந்தது. அங்கே அண்ணன்தான் எடுத்தார். அண்ணன் எங்கள் அலுவலகத்தைக் கூப்பிட்டு, அலுவலகம் என்னைக் கூப்பிட்டு, நாற்பது நிமிஷத்தில் நான் அந்த நிலையத்துக்கு வந்து சேர்ந்தேன். அந்த ஊழியர் தன் நாற்காலியில் அவரை உட்கார வைத்துவிட்டு, பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.